நாமும் நாங்களும்: நலவாழ்வுக் கதைத்தொடர்களும் கேட்போர் நிலையும்

குடும்பநலம், நோய்த்தடுப்பு, மதுவின் தீங்கு முதலிய பொருள்களைக் கதையின் வழியாக மக்களிடம் கொண்டுசெல்லும் முயற்சிகள் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அரை நூற்றாண்டாக நடந்து வருகின்றன. கதையில் ஈடுபட்ட ஒருவரின் மனப்பாங்கும், உடல்நலம் குறித்து அவர் எடுக்கும் முடிவுகளும் மாறுகின்றனவா, மாறின் எவ்வாறு மாறுகின்றன என்பது பற்றி உளவியலாரும் சமூகவியலாரும் தகவல் தொடர்பியலாரும் மிகுதியாக எழுதியுள்ளனர். மொழியியலார் எழுதியது மிகக் குறைவு. கதை எந்த மொழியில் சொல்லப்பட்டது, அம்மொழியின் இலக்கணம் கேட்போரைக் கதைக்குள் சேர்த்ததா விலக்கியதா, நோயை யாருடைய செயலாகக் காட்டியது என்னும் வினாக்கள் அவ்வாய்வுகளில் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. மொழி அங்கே பண்டத்தை ஏற்றிவரும் வண்டியாகக் கருதப்படுகிறதேயன்றிப் பண்டத்தின் பகுதியாகக் கருதப்படவில்லை. இக்கருத்து எவ்வளவு பொருந்தும் என்பதைச் சில தொடர்களின் வழியாக இக்கட்டுரை ஆராய்கிறது.

இந்தியாவில் இவ்வகைக்கு முதற்சான்றாகக் கொள்ளப்படுவது தூர்தர்ஷனில் 1984 ஜூலை 7 முதல் 1985 டிசம்பர் 17 வரை 156 பகுதிகளாக ஒளிபரப்பான 'ஹம் லோக்' என்னும் இந்தித் தொடராகும். இதன் மூலமாதிரி மெக்சிகோவைச் சேர்ந்தது. பெரு நாட்டில் 1969இல் தொடங்கிய 'சிம்ப்ளமெந்தே மரியா' என்னும் தொடரில், வீட்டு வேலைக்கு வந்த ஏழைப் பெண் தையல் கற்று உயர்கிறாள். அதனைப் பார்த்த பெண்கள் தையல் வகுப்புகளில் சேர்ந்ததும் தையல் இயந்திர விற்பனை பெருகியதும் மிகேல் சபிதோ என்னும் மெக்சிகோ நாட்டு இயக்குநரின் கவனத்தை ஈர்த்தன. யாரும் திட்டமிடாமல் நேர்ந்த இவ்விளைவைத் திட்டமிட்டு விளைவிக்க இயலுமா என்று அவர் எண்ணினார். முதியோர் கல்வி குறித்த 'வென் கோன்மிகோ' (1975-76), குடும்பக் கட்டுப்பாடு குறித்த 'அகோம்பாஞ்ஞமே' (1977-78) ஆகியவை அவ்வெண்ணத்தின் விளைவுகள். நன்மாதிரி, எதிர்மாதிரி, இரண்டுக்கும் இடையே தடுமாறிப் பின் திருந்தும் மாந்தர் என மூவகைப் பாத்திரங்களை அமைப்பது அவருடைய முறை. ஆல்பர்ட் பாண்டுராவின் சமூகக் கற்றல் கோட்பாடு அதற்கு அடித்தளம். தகவல் ஒலிபரப்புத் துறைச் செயலராக இருந்த எஸ்.எஸ். கில் இம்முறையை இந்தியாவுக்குக் கொணர்ந்தார். மனோகர் ஷியாம் ஜோஷி கதை வசனம் எழுதினார்.

தொடக்கப் பகுதிகளில் குடும்பக் கட்டுப்பாட்டுச் செய்தி வெளிப்படையாகவும் மிகுதியாகவும் இருந்தது. பார்வையாளர் அதை விரும்பவில்லை. பதின்மூன்று பகுதிகளுக்குப் பின் அறிவுரை குறைக்கப்பட்டுக் குடும்பக் கதை முன்னுக்கு வந்தது. தொடரின் புகழும் அதன் பின்னரே பெருகியது. நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட கடிதங்கள் வந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் தோன்றி, அன்றைய நிகழ்வுகளைப் பற்றி அரை நிமிட அளவில் பேசுவார். தொடரின் பெயருக்கு ஈடான சொல்லைப் பல்வேறு இந்திய மொழிகளில் சொல்லி அவர் விடைபெறுவது வழக்கம்.

இவ்விடைபெறுதலில் ஒரு மொழியியற் சிக்கல் உள்ளது. இந்தியின் 'ஹம்' என்னும் தன்மைப் பன்மை, கேட்பவரைச் சேர்த்ததா சேர்க்காததா என்பதைக் காட்டுவதில்லை. சூழலே அதனை உணர்த்தும். தமிழில் அவ்வாறன்று. முன்னிலையாரை உளப்படுத்துவது 'நாம்', உளப்படுத்தாதது 'நாங்கள்'. 'ஹம் லோக்' என்பதைத் தமிழில் பெயர்ப்பவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். 'நாம்' எனின் திரையில் தோன்றும் பசேசர் ராமின் குடும்பமும் அதைக் காணும் குடும்பமும் ஒன்று. 'நாங்கள்' எனின் வடநாட்டு நடுத்தரக் குடும்பம் ஒன்று தன்னைப் பிறருக்கு அறிமுகப்படுத்திக் கொள்கிறது. மராத்தியிலும் 'ஆபண்', 'ஆம்ஹீ' என இவ்வேறுபாடு உண்டு.

அரவிந்த் சிங்கால், எவரெட் ரோஜர்ஸ் ஆகியோர் 1987இல் இத்தொடரின் தாக்கத்தை அறிய 1170 பேரிடம் கள ஆய்வு நடத்தியபோது தேர்ந்த இடங்கள் தில்லி, புணே, சென்னைப் பகுதிகள். மூன்றில் இரண்டு இடங்களின் மொழிகள் உளப்பாட்டு வேறுபாடு உடையவை. இந்தி வழங்கும் பகுதிகளைவிடத் தென்னகத்தில் தொடருக்கு ஆதரவு குறைவு என்பது கண்டறியப்பட்டது; அதற்கு இந்தி புரியாமை காரணமாகக் கூறப்பட்டது. புரியாமை உண்மையே. ஆனால் புரிந்துகொண்ட சென்னைப் பார்வையாளர் அத்தலைப்பை 'நாம்' என உணர்ந்தாரா, 'அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள்' என உணர்ந்தாரா என்பது வேறு வினா. கதைமாந்தரோடு பார்வையாளர் கொள்ளும் உறவை அளக்க முனைந்த ஓர் ஆய்வுக்கு இது புறவினா ஆகாது.

'ஹம் லோக்' பற்றிய முடிவுகளுள் மிகுதியும் எடுத்தாளப்படுவது பாகவந்தி என்னும் தாயைப் பற்றியது. குடிகாரக் கணவனின் வசைகளையும் மாமியாரின் கடுமையையும் பொறுத்துக்கொள்ளும் இப்பாத்திரம் எதிர்மாதிரியாகவே படைக்கப்பட்டது. இவ்வாறு அடங்கி வாழ்தல் தீது என்பதே கருதிய பொருள். பார்வையாளர் பலர், பெண்கள் உட்பட, பாகவந்தியைப் பின்பற்றத்தக்க நல்லாளாகக் கொண்டனர். ஆய்வாளர் இதை மறைக்காமல் பதிவு செய்தது பாராட்டத்தக்கது. எனினும் அவர்கள் தரும் விளக்கம், மரபுவழிப் பண்பாட்டின் பிடி வலிது என்ற அளவில் நின்றுவிடுகிறது. பண்பாட்டின் மேல் பழியைச் சுமத்துமுன் கதையின் அமைப்பை நோக்கியிருக்க வேண்டும்.

வில்லியம் லபோவ், ஜோஷுவா வாலட்ஸ்கி ஆகியோர் 1967இல் வெளியிட்ட ஆய்வு, எடுத்துரைப்பில் நிகழ்ச்சியைக் கூறும் தொடர்களையும் அந்நிகழ்ச்சியை மதிப்பிடும் கூறுகளையும் வேறுபடுத்திக் காட்டியது. மதிப்பீடு கதைக்கு வெளியே நின்று கூறுவதாகவும் இருக்கலாம். கதைக்குள் நிகழ்வுகளோடு நிகழ்வாகப் பொதிந்தும் இருக்கலாம். பொதிந்திருப்பதே கேட்போரிடம் ஆழமாகச் சேரும் என்பது பின்னர் லபோவ் வலியுறுத்திய கருத்து. பாகவந்தியைப் பற்றிய எதிர்மதிப்பீடு பெரும்பாலும் அசோக் குமாரின் அரை நிமிடப் பேச்சிலேயே இருந்தது. கதைக்குள் இருந்ததோ அதற்கு மாறானது. அவளுடைய கண்ணீரைப் படக்கருவி பரிவுடன் காட்டியது; பிள்ளைகள் அவளிடம் அன்பு கொண்டனர்; பார்வையாளரின் இரக்கம் முழுவதும் அவள் பக்கம் திரட்டப்பட்டது. இருபது நிமிடம் ஒன்றைச் சொல்லி அரை நிமிடம் வேறொன்றைச் சொன்னால் எது நிற்கும்? பார்வையாளர் கதையைத் தவறாகப் படிக்கவில்லை. கதை சொன்னதையே படித்தனர்.

தன்சானியாவில் 1993இல் சுவாகிலி மொழியில் தொடங்கிய 'ட்வெண்டே நா வகாத்தி' என்னும் வானொலித் தொடரை இதனோடு ஒப்பிடலாம். அதில் வரும் எம்க்வாஜு என்னும் சரக்குந்து ஓட்டுநர் பல பெண்களோடு உறவு கொள்பவன், வீட்டைக் கவனியாதவன். அவனும் எதிர்மாதிரியே. ஆனால் அவனுக்குரிய மதிப்பீடு கதையின் போக்கிலேயே வருகிறது. மனைவி விலகுகிறாள், எய்ட்ஸ் நோயால் அவன் சாகிறான். யாரும் இறுதியில் வந்து விளக்க வேண்டியிருக்கவில்லை. தொடக்க ஆண்டுகளில் இத்தொடர் டொடோமா பகுதியில் ஒலிபரப்பப்படாமல் நிறுத்தி வைக்கப்பட்டதால் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு களமும் கிடைத்தது. தொடர் ஒலித்த பகுதிகளில் குடும்பக்கட்டுப்பாட்டு முறைகளைக் கைக்கொண்டோர் ஒப்பீட்டு நிலையில் பெருகினர் என்பது ரோஜர்ஸ் குழுவினரின் முடிவு. பாண்டுராவின் கோட்பாடு இரு தொடர்களுக்கும் ஒன்றே. வேறுபட்டது மதிப்பீடு வைக்கப்பட்ட இடம்.

கதை மனத்தை மாற்றும் முறை பற்றி இன்று வழங்கும் கோட்பாடு மெலனி கிரீன், திமதி பிராக் ஆகியோர் 2000இல் அமைத்தது. கதைக்குள் முழுமையாகச் சென்றுவிட்ட வாசகர் எதிர்வாதம் எழுப்புவது குறையும். ஆகவே கதையின் கருத்துகள் எளிதில் ஏற்கப்படும் என்பது அதன் சாரம். மைக்கேல் ஸ்லேட்டர், டோனா ரூனர் (2002), எமிலி மோயர்-குசே (2008) முதலியோர் இதனை நலவாழ்வுக் கதைகளுக்கு விரித்தனர். இக்கோட்பாட்டின் மையச்சொல் 'ட்ரான்ஸ்போர்டேஷன்'. அது ரிச்சர்டு கெரிக் 1993இல் விரித்துரைத்த ஓர் உருவகத்திலிருந்து வந்தது: வாசகர் ஒரு பயணி, தம் உலகைவிட்டுப் புறப்பட்டுக் கதையுலகுக்குச் செல்கிறார், சற்றே மாறியவராகத் திரும்புகிறார்.

தமிழில் இச்சொல்லை என்ன செய்வது? 'போக்குவரத்து' நகைப்புக்கு இடமாகும்; 'கடத்தல்' காவல்துறைக்கு உரியது. இது வெறும் கலைச்சொல் தட்டுப்பாடு அன்று. தமிழில் கதைக்குள் யாரும் பயணம் போவதில்லை. கதையில் ஆழ்கிறார்கள், மூழ்குகிறார்கள், தோய்கிறார்கள், ஒன்றிப்போகிறார்கள், கரைந்துபோகிறார்கள். ஆங்கில உருவகம் இடப்பெயர்ச்சி. தமிழ் உருவகம் நீர். பயணி தன் எல்லையோடு சென்று தன் எல்லையோடு மீள்பவர். கரைந்தவருக்கு எல்லையே இல்லை. கிரீன்-பிராக் அளவுகோலின் வினாக்கள் பயண உருவகத்தின்மேல் கட்டப்பட்டவை. அவற்றைத் தமிழில் தருபவர் 'கதையாழ்வு' என்னும் சொல்லை ஆள்வது பொருந்தும். ஆயின் அவர் அளப்பது முழுவதும் அதே பொருள்தானா என்னும் ஐயத்தையும் உடன் கொள்ளவேண்டும்.

அவ்வளவுகோலில் ஒரு வினா, படிக்கும்போது அறையில் சுற்றி நடந்தவை மனத்தில் இருந்தனவா என்று கேட்கிறது. 'ஆம்' எனின் ஈடுபாடு குறைவு எனக் கணக்கிடப்படும். கல்லூரி மாணவர் அச்சிட்ட கதையைத் தனியே படித்த சோதனைக்கு அது பொருந்தியது. 1985இல் ஒரு தெருவுக்கு ஒன்றிரண்டு பெட்டிகளே இருந்த காலத்தில் அண்டை வீட்டாரோடு அமர்ந்து 'ஹம் லோக்' பார்த்தவருக்கு அது எவ்வாறு பொருந்தும்? மாமியார் திரையைப் பார்த்துச் சொல்லும் ஒரு சொல் பக்கத்திலிருக்கும் மருமகளுக்கும் உரியது. மருமகள் அதை அறிவாள். அறையைக் கவனிப்பது அங்கே கதையில் ஈடுபடும் முறைகளுள் ஒன்று. எதிர்வாதமும் அவ்வாறே: மனத்துக்குள் அடங்காமல் வாய்விட்டு எழும்.

காண்போர் உணர்வு பற்றித் தமிழ்க் கவிதையியல் கூறுவது இவ்விடத்துக் கருதத்தக்கது. மெய்ப்பாடு என்பதற்கு இளம்பூரணர் காட்டும் செயிற்றியனார் விளக்கம், நடிப்போன்பால் நிகழ்ந்தது காண்போனைச் சென்றடைதல் என்னும் கருத்துடையது. செல்வது பார்வையாளர் அன்று, வருவது உணர்வு. திசை நேர்மாறானது. மற்றொன்றும் உண்டு. எண்வகை மெய்ப்பாட்டுள் இளிவரலுக்குரிய நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என நான்கைக் கூறுகிறார். பிணி அழுகையின்பாற் படாமல் இளிவரலின்பாற் பட்டது. நோயாளியைக் கண்டு மனம் குறுகும் உணர்வை அன்றே தனித்துக் குறித்த மரபு இது. நோய்ப்பழி குறித்து ஆராய்வோர் இச்சூத்திரத்தை இன்னும் பயன்கொள்ளவில்லை.

நோயைப் பற்றிய தமிழ் வாக்கிய அமைப்பு தனியே நோக்கத்தக்கது. காய்ச்சல் அடிக்கிறது; சளி பிடிக்கிறது; அம்மை போடுகிறது; நோய் வருகிறது. நோயே எழுவாய், மனிதர் பெரும்பாலும் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். அனுபவிப்போரை நான்காம் வேற்றுமையில் நிறுத்துதல் தெற்காசிய மொழிகள் பலவற்றுக்குப் பொதுவான இயல்பு. மும்பையில் 2002இல் தொடங்கிய எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரம் 'பல்பீர் பாஷா' என்னும் கற்பனை மனிதனுக்கு எய்ட்ஸ் வருமா என்று கேட்டது. தமிழ்நாட்டில் அதே பத்தாண்டின் தொடக்கத்தில் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்னும் வினா சுவர்களிலும் பெரும் பலகைகளிலும் தோன்றியது. முகம் இல்லை, விடை இல்லை, பெயரும் வினாவும் மட்டுமே.

பெயரமைப்பில் இரு மொழிகளும் ஒரே உத்தியைக் கையாண்டன. பல்பீர், பாஷா ஆகிய இரண்டும் ஒரே சமயத்தாரிடம் ஒருங்கே வழங்காத பெயர்கள். தமிழில் அப்பெயரை அப்படியே எடுத்திருந்தால் வடநாட்டான் ஒருவனின் நோயாகியிருக்கும். 'புள்ளி' என்பது 'பெரும்புள்ளி', 'முக்கியப் புள்ளி' என்னும் வழக்குகளில் ஊரறிந்த ஆளைக் குறிப்பது. 'ராஜா' எங்கும் வழங்குவது. சேர்த்துச் சொன்னால் எந்தச் சாதிக்கும் சமயத்துக்கும் அடங்காமல், ஆனால் ஊரில் எங்கோ இருக்கக்கூடியவனாக ஒருவன் உருவாகிறான். அகராதி தராத இவ்வகைத் தீர்வே மொழிபெயர்ப்பின் சிறந்த வகைக்கு உரியது.

'வருமா' என்னும் வினையும் கருதத்தக்கது. தமிழில் வேறு வழிகளும் இருந்தன. 'நோயை வாங்கிக்கொண்டான்', 'தேடிக்கொண்டான்', 'வரவழைத்துக்கொண்டான்' எனக் 'கொள்' துணைவினை சேர்ந்தால் நோய் அவன் செயலாகிவிடும். பழியும் உடன் ஏறும். 'அவனுக்கு வருமா' என்பதில் பழி இல்லை. சந்தைக்கடையில் நின்று பேசவும், வீட்டில் சிறுவர் வாயில் வந்தாலும் பெரியோர் முகம் சுளிக்காமல் கேட்கவும் இடமளித்தது இந்த நான்காம் வேற்றுமைதான். நோய் வரும் வழியைத் தொடர்ந்து வந்த செய்திகள் சொல்லவேண்டியிருந்தது. மும்பை விளம்பரங்களில் அவ்விடத்தில் ஒரு பிழை நேர்ந்தது. பல்பீர் பாஷா தவறாமல் செல்லும் மஞ்சுளா என்னும் பெண் நோயின் தோற்றுவாயாகக் காட்டப்பட்டதைப் பெண்ணுரிமை இயக்கத்தார் கண்டித்தனர். இலக்கணம் ஆண்மகன்மேல் ஏற்றாத பழியைக் கதை பெண்மேல் ஏற்றிவிட்டது.

திட்டமிடாத கதைகளின் வன்மை இதனினும் பெரிது. 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் கொரோனாத் தடுப்பூசியைச் செய்தியாளர் முன்னிலையில் போட்டுக்கொண்டு, மக்களையும் போட்டுக்கொள்ளுமாறு வேண்டினார். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் நாள் மறைவு. இதயக் குழாயில் இருந்த அடைப்பே காரணம் என்றும் தடுப்பூசிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றும் மருத்துவர்கள் விளக்கினர். விளக்கம் விளக்கமாகவே நின்றது. ஊரில் நடந்தது கதை. அக்கதை பரவிய வாக்கியம் 'ஊசி போட்டுச் செத்துப்போனார்' என்பது. தமிழின் 'செய்து' என்னும் வாய்பாட்டு வினையெச்சம் முன்பின் நிகழ்ச்சியையும் காரண காரியத்தையும் ஒரே வடிவில் தரும். 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்பதில் காரணம் உண்டு. 'குளித்து உண்டான்' என்பதில் வரிசை மட்டும் உண்டு. வடிவம் இரண்டுக்கும் ஒன்றே. வதந்தியைப் பரப்பியவர் எவரும் ஊசிதான் கொன்றது என்று கூறவேண்டியிருக்கவில்லை. அதை மறுக்க வந்தவருக்கு மறுப்பதற்கு ஒரு கூற்றும் அகப்படவில்லை. 'தொடர்பில்லை' என்னும் மறுப்பு, எவரும் வாய்திறந்து சொல்லாத தொடர்பை வெளிப்படச் சொல்லிவிட்டுப் பின் மறுப்பதாயிற்று. 'ஊசி போடும் முன்பே குழாய் அடைத்திருந்தது' எனக் கால வரிசையை மாற்றிச் சொல்லும் எதிர்க்கதையே அங்கே வேண்டியிருந்தது. நலவாழ்வுத் துறையின் அறிக்கைகளை மொழிபெயர்ப்போர் இத்தகைய இடங்களில் ஆங்கில மூலத்தின் எதிர்மறை வாக்கியத்தை அப்படியே பெயர்ப்பது போதாது.

அளவைகள் வழி நடந்த பெரும் ஆய்வுகளும் மொழியைத் தவிர்க்க இயலாதவை. பிரேசிலில் குளோபோ நிறுவனத்தின் தொடர்கள் எட்டிய பகுதிகளில் பிறப்பு வீதம் குறைந்தது என 2012இல் எலியானா லா ஃபெராரா குழுவினர் காட்டியபோது, கதைமாந்தரின் பெயர்கள் குழந்தைகளுக்கு இடப்பட்டதையும் சான்றாகச் சேர்த்தனர். பெயர் மொழிச்சான்று; அது பொய் சொல்வதில்லை. ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் ஆகியோரின் 2009ஆம் ஆண்டு ஆய்வு தமிழ்நாடு உள்ளிட்ட ஐந்து இடங்களின் 2001-2003 ஆண்டுத் தரவுகளைக் கொண்டது. கம்பிவழித் தொலைக்காட்சி வந்த சிற்றூர்களில், கணவன் அடிப்பதை ஏற்கத்தக்கது என்று சொல்லும் பெண்கள் குறைந்தனர் என்பது அதன் முடிவுகளுள் ஒன்று. சொல்வது குறைந்ததா, அடி குறைந்ததா என்னும் வினா அங்கே எஞ்சியுள்ளது. தொலைக்காட்சி மனப்பாங்கை மாற்றாமல், வினவுவோருக்கு எவ்வாறு விடையளிப்பது என்பதை மட்டும் கற்றுத் தந்திருக்கவும் கூடும். எனினும் பள்ளிச் சேர்க்கையிலும் மகப்பேற்று இடைவெளியிலும் அவர்கள் கண்ட மாற்றங்கள் வெறும் சொல் அல்ல என்பதையும் கூறவேண்டும்.

தன்மைப் பன்மைக்கு மீண்டால், வானொலித் தொடர் ஒன்றின் சான்று கிடைக்கிறது. 'திங்கா திங்கா சுக்' என்னும் அகில இந்திய வானொலித் தொடர் 1996-97இல் இந்தி வழங்கும் பகுதிகளில் ஒலிபரப்பானது. 1996 டிசம்பரில் உத்தரப்பிரதேசத்தின் லுட்சான் என்னும் சிற்றூரிலிருந்து பெரிய சுவரொட்டி வடிவில் ஒரு கடிதம் வந்தது. வரதட்சணை கொடுப்பதில்லை, வாங்குவதில்லை என்னும் உறுதியோடு 184 பேர் அதில் ஒப்பமிட்டிருந்தனர். ஊரார் கூடிக் கேட்டதும், கேட்டதைப் பேசியதும், பேசியதை எழுதியதும் சேர்ந்தே இதனை விளைவித்தன. பின்னர் அவ்வூரை ஆராய்ந்த மைக்கேல் பாப்பா, சிங்கால் முதலியோர் சொல்லுக்கும் செயலுக்கும் இடையே முரண்கள் தொடர்ந்ததை மறைக்கவில்லை. அக்கடிதத்தின் 'ஹம்' வானொலியாரை நோக்கி 'நாங்கள்' எனப் பேசுகிறது. ஒப்பமிட்ட ஒவ்வொருவரும் மற்றவரை நோக்கி 'நாம்' எனப் பேசுகிறார். இந்தியில் இரண்டும் ஒரே சொல்லில் அடங்கின. தமிழில் பெயர்க்கும்போது ஒன்றை இழக்க நேரும். உறுதிமொழிக்கு உயிராவது எது என்பதை முடிவு செய்தபின்னரே மொழிபெயர்ப்பாளர் எழுதத் தொடங்க முடியும்.

நலவாழ்வு ஆய்வுகளின் வினாப்பட்டியல்களைத் தமிழாக்கும்போது இன்று பின்பற்றப்படும் சரிபார்ப்பு முறை, ஒருவர் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்க, மூலத்தைக் காணாத மற்றொருவர் அத்தமிழை மீண்டும் ஆங்கிலமாக்கி இரண்டையும் ஒப்பிடுவதாகும். 'நாம் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்' என்பதும் 'நாங்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்' என்பதும் அவ்வாறு திரும்பும்போது ஆங்கிலத்தில் ஒரே வாக்கியமாகவே வந்து சேரும். சரிபார்ப்போர் இரண்டையும் பிழையற்றவை என ஏற்பர்.